இறக்குமதிச் சரக்கும் கம்ப்யூட்டர் பட்டியலும்



பழவேற்காடு ஏரிப் பக்கம் சுண்ணாம்புக்குளத்து மளிகைக் கடையில் விற்கும் கிராம்பு, பேரீச்சை, பாமாயில் ஆகியவை பெரும்பாலும் கடல் கடந்தே வருகின்றன. ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளியிலேயே கண்டெய்னர் துறைமுகம் இருக்கிறது. நம்மவர் சிலர் சேர்ந்து நேரடியாக இறக்குமதி செய்யலாமே என்று எண்ணுவது நியாயம்தான். ஆனால் சுங்க நடைமுறை தெரியாமல் இறங்கினால் லாபம் அபராதத்தில் போய்விடும்.

முதலில் ஐ.இ.சி. எனப்படும் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடு வேண்டும். கட்டணம் 500 ரூபாய். இப்போது உங்கள் பான் எண்ணே இந்தக் குறியீடு. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இதை இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் குறியீடு முடக்கப்படும். சரக்கு துறைமுகத்தில் நிற்கும். உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இறக்குமதி உரிமமும் தேவை.

அடுத்தது 'பில் ஆஃப் என்ட்ரி' என்னும் நுழைவுப் பட்டியல். 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவுப்படி இதை 'ஐஸ்கேட்' இணையதளம் வழியே தாக்கல் செய்கிறோம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் ரசீது ஆகியவற்றை 'இ-சஞ்சித்' வசதியில் ஏற்ற வேண்டும். உணவுப் பாதுகாப்பு போன்ற துறைகளுக்கும் இதே பட்டியல் வழியாகவே தகவல் போகிறது. 2011 முதல் வரியை நாமே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். 2020 முதல் பட்டியலைப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில்கூட இருக்கலாம். ஆகவே நேரில் போய் விளக்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பட்டியலே பேச வேண்டும். கிராம்பு என்றால் 0907 என்ற தலைப்பின் கீழ் எட்டு இலக்கக் குறியீடு சரியாக இருக்க வேண்டும்.

காலக்கெடுதான் மிக முக்கியம். 2021 முதல், கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும். இலங்கை, மியான்மர் போன்ற அருகிலுள்ள நாடுகளிலிருந்து கடல் வழியே வரும் சரக்குக்கு, வரும் நாள் முடிய அவகாசம் உண்டு. முப்பது நாள் முன்னதாகவும் தாக்கல் செய்யலாம். தாமதித்தால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய்; அதன்பின் தினம் 10,000 ரூபாய். ஐந்து நாள் தாமதமானால் 35,000 ரூபாய்! துறைமுக வாடகை தனி. வரியை உரிய நாளில் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியும் சேரும்.

இன்னொன்று. நால்வர் சேர்ந்து வாங்கினாலும் பட்டியல் ஒருவர் பெயரில்தான் போகும். ஐ.ஜி.எஸ்.டி. வரவு அந்த ஜி.எஸ்.டி. எண்ணுக்கே கிடைக்கும். மற்றவர்கள் அவரிடம் முறையான பில் பெற்றுக்கொள்வது அவசியம். முன்பின் தெரியாதவருக்கு உங்கள் குறியீட்டை இரவல் தராதீர்கள். அவர் கொண்டுவரும் சரக்குக்குச் சட்டம் உங்களைத்தான் தேடி வரும்.

சுங்க ஏஜென்ட் வைத்துக்கொள்வது நல்லதே. ஆனால் அவர் தாக்கல் செய்யும் முன் நகலை வாங்கி எடை, விலை, குறியீடு, ஜி.எஸ்.டி. எண் நான்கையும் நீங்களே சரிபாருங்கள். கையெழுத்து அவருடையதாக இருக்கலாம், கணக்கு உங்களுடையது.