மீன்களுக்கு உண்டாகும் புண் வியாதி

1988-ஆம் வருஷத்தில் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட இவ்வியாதிக்குக் காரணம் அபனோமைசிஸ் இன்வேடன்ஸ் என்னும் நீர்ப்பூஞ்சையாகும். மீனின் உடலில் செந்நிறப் புள்ளிகள் தோன்றி, ஆழ்ந்த புண்களாகும். பெரும்பாலும் விரால், கெண்டை ஆகியவற்றை முதலில் பற்றி, வளர்ப்பு மீன்களாகிய கட்லா, மிருகால் முதலியவற்றிற்கும் தொற்றும். பெருமழைக்குப்பின் ஜலம் குளிர்ந்திருக்கும் மாதங்களில் மிகுதியாகப் பரவும். மீன்களை நெருக்கமாக விட்டு வளர்ப்போர்க்கு நஷ்டம் பெரிது.

புண் முற்றிய மீன் பிழைப்பது அரிது. ஆகையால் வருமுன் காத்தலே உசிதம். கோடையில் குளத்தை வற்றவிட்டுக் காயவைத்து, ஏக்கருக்குச் சுமார் 100 கிலோ சுண்ணாம்பு இடவேண்டும். வெள்ள ஜலமும் அதனுடன் வரும் களைமீன்களும் உட்புகாதவாறு கரையை உயர்த்தி, மடைக்கு வலை கட்டுதல் வேண்டும். செத்த மீன்களை வாய்க்காலில் எறிந்தால் அடுத்த குளத்துக்கும் வியாதி செல்லும். அவற்றைச் சுண்ணாம்புடன் தொலைவில் புதைத்துவிடுக. ஊரார் யாவரும் ஒருங்கே அனுசரித்தாலன்றிப் பூரண பயன் கிட்டாதாகையால், கிராம அதிகாரிகள் இதனைக் கவனிப்பார்களாக.