நிதி முகாமைத்துவத்திலிருந்து முதலீட்டு வங்கிக்கு: மகன் மாறலாமா?

நமது வியாபாரிகளின் பிள்ளைகள் பலர் இன்று கடையில் உட்காருவதில்லை. கணக்கியல் படித்துவிட்டு யூனிட் டிரஸ்ட் கம்பனிகளில் சேர்கிறார்கள். இரண்டு வருடம் போனதும் "முதலீட்டு வங்கிக்கு மாறப்போகிறேன்" என்கிறார்கள். இரண்டும் பணத்தோடு சம்பந்தப்பட்ட வேலைதானே என்று வாப்பாமார் நினைக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பேருவளை சீனன்கோட்டை மாணிக்க வியாபாரத்தைப் பாருங்கள். பலருடைய முதலைச் சேர்த்துக் கல் வாங்கி, நல்ல விலை வரும்வரை வைத்திருப்பவர் ஒருவர். விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்துத் தரகு பெறுபவர் இன்னொருவர். நிதி முகாமைத்துவம் முதலாமவரின் தொழில். முதலீட்டு வங்கி இரண்டாமவரின் தொழில். கம்பனிகளுக்குப் பங்கு வெளியிட்டு முதல் திரட்டிக் கொடுப்பதும், ஒரு கம்பனி இன்னொன்றை வாங்கும்போது விலை மதித்துப் பேரம் முடிப்பதும் அதன் வேலை.

வருமானம் வரும் வழியும் வேறு. 100 கோடி ரூபா நிதியை வருடத்துக்கு 1 சதவீதக் கட்டணத்தில் நிர்வகித்தால் 1 கோடி ரூபா வரும். சந்தை விழுந்தால் அது குறையும், நின்றுவிடாது. முதலீட்டு வங்கிக்கோ பேரம் முடிந்தால்தான் பெரிய கட்டணம். 2022 ஏப்ரலில் நமது மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அப்படியான காலத்தில் புதிய பங்கு வெளியிட முதலாளிமார் தயங்குவார்கள். பேரம் குறைந்தால் ஆட்குறைப்பும் வரலாம்.

மாறும் பிள்ளையிடம் நல்ல முதல் ஒன்று உண்டு. ஐந்தொகை வாசிக்கத் தெரியும். வாங்குபவர் எதைப் பார்ப்பார், எதற்குப் பயப்படுவார் என்பதும் தெரியும். இனிப் பழக வேண்டியது, ஒரு கம்பனியின் மதிப்பீட்டுக் கணக்கை எக்ஸலில் ஆரம்பத்திலிருந்து தானே கட்டுவதும், சட்டத்தரணி, கணக்காய்வாளர் எல்லோரோடும் நின்று குறித்த திகதிக்குள் காரியத்தை முடிப்பதும்தான். சீஎப்ஏ பரீட்சை உதவும், ஆனால் அது மட்டும் போதாது.

மாறுவதென்றால் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள் மாறுவதே நல்லது. அப்போது கீழ்ப்படியில் சேர்வது கஷ்டமாகத் தெரியாது. ஏழெட்டு வருடம் கழிந்து, தன்னைவிட இளையவருக்குக் கீழே மீண்டும் தொடங்குவது லேசான காரியமல்ல. நேரமும் பெரிய விடயம். வோல் ஸ்ட்ரீட்டில் கனிஷ்ட ஊழியர்கள் வாரத்துக்கு 80 மணித்தியாலம் வேலை செய்வது சாதாரணம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஹலால், ஹராம் விடயம். நிதி முகாமைத்துவத்தில் ஷரீஆ முறைப்படி நடக்கும் நிதியத்தைத் தேடிச் சேரலாம். முதலீட்டு வங்கியிலோ வட்டி தரும் தொகுதிக்கடன்களை வெளியிடும் வேலையும் மேசைக்கு வரும். எந்த வேலையைச் செய்வது என்று தெரிவுசெய்யும் அதிகாரம் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிடையாது. ஆகவே கடிதத்தில் கையொப்பமிடுமுன் அந்தப் பிரிவு பெரும்பாலும் என்ன வேலை செய்கிறது என்று நேரடியாகக் கேட்க வேண்டும். ஆலிம் ஒருவரிடமும் விளக்கம் பெற வேண்டும்.

சம்பளத்துக்காக மட்டும் போகிறவர் அடுத்த மந்தத்தில் தடுமாறுவார். தொழிலைக் கற்கப் போகிறவருக்கு அந்த வருடங்கள் வீணாகாது. நாளை நமது குடும்ப வியாபாரங்கள் பங்காளி சேர்க்கவோ விற்கவோ நேரும்போது, சரியான விலை சொல்ல நமக்குள்ளேயே ஒருவர் இருப்பார், இன்ஷா அல்லாஹ்.