மாநகரசபை மேசையும் குழாயடி வரிசையும்



சென்ற வாரம் வெள்ளவத்தைச் சந்தையடியில் நண்பர் ஒருவர் என்னை மறித்துக் கேட்டார்: "நீர் வாராவாரம் இலக்கியம் பேசுகிறீர், நல்லது. ஆனால் எங்கட கொழும்புக் கதைகளில் இந்தக் குழாயடிச் சண்டை ஏன் ஓயாமல் வருகிறது? எழுதுகிறவர்களுக்கு வேறு விஷயம் கிடையாதோ?"

அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது நியாயமான கேள்வி என்றே பட்டது. குழாயடிச் சண்டையின் வேர், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மேசையைச் சுற்றியிருந்து சிலர் எடுத்த முடிவுகளில் இருக்கிறது. அந்த மேசையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

புறக்கோட்டையில், மரக்கறிக் கடைகளுக்கும் துணிக் கடைகளுக்கும் நடுவே, கொழும்பின் பழைய நகர மண்டபம் நிற்கிறது. ஜே. ஜி. ஸ்மிதர் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த திட்டப்படி 1873 இல் கட்டப்பட்டது. கொழும்பு நூதனசாலையை வரைந்தவரும் அவரே. 1928 இல் புதிய நகர மண்டபம் திறக்கப்படும் வரை மாநகரசபை இங்கேதான் இயங்கியது. பின்னர் இது ஒரு சிறு காட்சிச்சாலையாக மாற்றப்பட்டது. மேல்மாடியில் ஒரு நீண்ட மேசை. அதைச் சுற்றிக் கோட்டு அணிந்த கனவான்களின் ஆளுயரப் பொம்மைகள், அந்தக் காலத்துக் கூட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருக்கும் பாவனையில் அமர்ந்திருக்கின்றன.

முதன்முறை அங்கு சென்றபோது யன்னலுக்கு வெளியே நாட்டாமிமார் கைவண்டி தள்ளிக்கொண்டு "வழி, வழி" என்று கூவும் சத்தம் கேட்டது. உள்ளே பொம்மைகள் மௌனமாக இருந்தன. வெளியே கூவுகிறவர்களைப் போன்ற ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாநகரசபை எப்படிப் பிறந்தது என்பதைச் சற்று விளக்குகிறேன். 1865 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மாநகரசபைகளுக்கு வழி வகுத்தது. கொழும்புச் சபை 1866 ஜனவரியில் முதல் தடவையாகக் கூடியது. மேல் மாகாண அரசாங்க அதிபராக இருந்த சார்ள்ஸ் பீற்றர் லேயர்ட் என்பவரே அதன் தலைவர். உறுப்பினர்களில் சிலரை அரசாங்கம் நியமித்தது. ஏனையோர் வட்டாரங்களிலிருந்து தெரிவு செய்யப்பட்டனர்.

இந்தத் தெரிவு என்ற விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சட்டநிரூபண சபைக்குப் படித்த இலங்கையர் தம் வாக்கினால் ஒருவரை அனுப்ப 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தேர்தலில் வென்றவர் பொன்னம்பலம் இராமநாதன் என்பது நேயர்கள் அறிந்ததே. அதற்கு 45 ஆண்டுகள் முன்பாகவே கொழும்பில் வாக்குப் பெட்டி அரசியல் சிறிய அளவில் தொடங்கிவிட்டது. ஆனால் யாருக்கு வாக்கு? குறிப்பிட்ட பெறுமதிக்கு மேல் சொத்தோ வருமானமோ உள்ள சிலருக்கு மட்டுமே.

ஆட்சியாளர்கள் ஏன் இந்தச் சிறு உரிமையைத் தந்தார்கள்? நகரம் வளர்ந்துகொண்டிருந்தது. கோப்பிக் காலம் அது. 1865 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1869 தொடக்கம் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. 1875 இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885 இல் வேலை முடிந்தபின், காலித் துறைமுகத்துக்குச் சென்ற கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாழ்ந்த நகரம், அருணாசலம் நடத்திய 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது 150,000 ஐத் தாண்டியிருந்தது. வீதி, விளக்கு, வடிகால், சந்தை, பொலிஸ் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அந்தச் சுமையை நகரத்தவர் தலையில் வைக்கும்போது, அவர்களுள் வசதி படைத்தோருக்கு ஒரு கதிரையும் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்தச் சுமைக்குப் பெயர்தான் ஆதனவரி. சோலைவரி என்றும் சொல்வார்கள். ஒரு வீட்டை ஓராண்டுக்கு வாடகைக்குக் கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு வீதத்தை வரியாக அறவிடுவது வழக்கம். மதிப்பிடுவதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கம் தேவைப்படுகிறது. இன்று உங்கள் படலையிலும் என் படலையிலும் இருக்கும் இலக்கம் வரிக் கணக்கில் உள்ள இலக்கமே. கடிதம் கொண்டுவரும் தபாற்காரருக்கு அது உதவுகிறது.

இங்கேதான் சிக்கல். வரிச்சீட்டு வீட்டுச் சொந்தக்காரர் பெயருக்கு வருகிறது. அவர் அதை வாடகையோடு சேர்த்துக் குடியிருப்பவரிடம் வாங்கிக்கொள்கிறார். உண்மையில் பணம் கொடுப்பவர் ஒருவர், புத்தகத்தில் பெயர் உள்ளவர் இன்னொருவர். அந்தக் காலத்தில் புத்தகத்தில் உள்ளவருக்குத்தான் வாக்கு இருந்தது. அவருடைய பிரதிநிதிக்குத்தான் மேசையில் இடம் இருந்தது.

இனித் தண்ணீருக்கு வருவோம். முன்னர் கொழும்பு மக்கள் கிணறுகளை நம்பி வாழ்ந்தனர். நெரிசல் கூடக்கூடக் கிணற்று நீரோடு நோயும் வந்தது. எனவே ஏறத்தாழ 25 மைல் தொலைவில், லபுகமவில், மலைகளுக்கு நடுவே நீர்த்தேக்கம் கட்டி, இரும்புக் குழாய்கள் வழியாக மருதானை மாளிகாகந்தைத் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1886 இல் அது நிறைவேறியது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் மாளிகாகந்தைக்கு வந்த தண்ணீர் அங்கிருந்து எந்தத் தெருவுக்கு, எத்தனை குழாய்களில் போவது? அதைப் பொறியியல் அறிவு தீர்மானிப்பதில்லை. மேசை தீர்மானிக்கிறது.

என் இளமைக் காலம் கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் கழிந்தது. கொழும்பில் தோட்டம் என்றால் மரஞ்செடி அல்ல, ஒரே வளவுக்குள் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். எல்லோருக்கும் ஒரே குழாய். விடிய நாலு மணிக்கே வாளிகள் வரிசைக்கு வந்துவிடும். வாளியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தவர் திரும்பி வரும்போது அது பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். அதோடு சண்டை ஆரம்பம். என் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு குடத்துக்காக மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கையெழுத்து நல்லது என்ற பெயர் இருந்ததால், இன்னொரு குழாய் கேட்டு மனு எழுதும் வேலை எனக்கு வந்தது. அதற்கு வளவுச் சொந்தக்காரரின் ஒப்பம் தேவைப்பட்டது. அவர் மனுவை வாசித்துவிட்டு, "வரி கட்டுறது நான். மனு எழுதுறது நீயா?" என்று திருப்பித் தந்தார். இரண்டாவது குழாய் வரவில்லை. அக்கா பிறகு அம்மாவோடு பேசினார். ஆனால் பழைய மாதிரி இல்லை.

வளர்ந்த நகரங்கள் எல்லாவற்றிலும் இந்தக் கதை உண்டு. அமெரிக்காவைப் பாருங்கள். சிக்காகோ 1837 இல் நகரமாக அமைந்தபோது அங்கு ஏறத்தாழ 4,000 பேர். 1890 இல் பத்து இலட்சத்துக்கு மேல். நியூயோர்க் 1842 இலேயே குரோட்டன் ஆற்றுத் தண்ணீரைத் தொலைவிலிருந்து கொண்டுவந்தது. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம். வெள்ளையரான ஏழை ஆண்மகனுக்கும் வாக்கு இருந்தது. ஆகவே அந்த வாக்குகளைத் திரட்டும் தலைவர்கள் தோன்றினார்கள். வில்லியம் ட்வீட் என்பவர், கப்பலில் வந்திறங்கிய அயர்லாந்துக் குடியேறிகளுக்கு வேலையும் உதவியும் கொடுத்து வாக்கைப் பெற்றார். நகரத்தின் கட்டட ஒப்பந்தங்களில் கோடிக்கணக்கில் சுருட்டினார். 1873 இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, 1878 இல் சிறையில் இறந்தார்.

லிங்கன் ஸ்டெபன்ஸ் என்ற பத்திரிகையாளர் இத்தகைய நகராட்சிகளை ஆராய்ந்து, "நகரங்களின் அவமானம்" என்ற பொருள்படும் தலைப்பில் 1904 இல் ஒரு நூல் வெளியிட்டார். ஊழலுக்கு அரசியல்வாதி மட்டுமல்ல, அவரால் இலாபமடையும் வியாபாரியும், பார்த்தும் பாராதிருக்கும் மரியாதைக்குரிய குடிமகனும் பங்காளிகள் என்பது அவர் கண்ட முடிவு. அங்கே ஏழையின் வாக்கு விலைக்குப் போனது. இங்கே ஏழைக்கு விற்கவும் வாக்கு இருக்கவில்லை. ட்வீட் திருடர்தான். ஆனாலும் வாக்கு வேண்டியிருந்ததால் அவருடைய ஆட்கள் ஏழையின் பெயரையும் வீட்டையும் அறிந்துவைத்திருந்தார்கள். கொழும்பில் மேசையில் இருந்தவர்களுக்கு அந்தத் தேவைகூட எழவில்லை.

இடமில்லாதவர்கள் வீதியில் பேசினார்கள். 1929 இல் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது ஏ. ஈ. குணசிங்க முன்னின்றார். 1931 இல் சர்வசன வாக்குரிமை நாட்டுக்கு வந்தது. 1937 இல் டொக்டர் இரத்தினசோதி சரவணமுத்து கொழும்பின் தெரிவு செய்யப்பட்ட முதல் மேயரானார். வேலைநிறுத்தத் தலைவர் குணசிங்கவும் பின்னொரு காலத்தில் மேயர் கதிரையில் அமர்ந்தார். மேசை மெல்ல மெல்ல அகன்றது.

அகன்றது என்று சொல்லி நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் 2025 மே மாதம்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் கொழும்பில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் ஒருவருமில்லை, அதிகாரிகளே நடத்தினார்கள். குப்பை அள்ளப்பட்டது, வரிச்சீட்டும் வந்தது. மேசை வெறுமையாக இருந்ததை எங்களில் எத்தனை பேர் கவனித்தோம்?

நண்பரின் கேள்விக்கு என் பதில் இதுதான். குழாயடியில் இரண்டு பெண்கள் சண்டையிடும்போது அவர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகள் அல்லர். அவர்களுக்கு இரண்டாவது குழாயைக் கொடுக்காதவர்கள் அந்தக் கதைக்குள் வருவதேயில்லை. நல்ல எழுத்தாளர், வராத அந்த ஆட்களையும் நமக்கு உணர்த்திவிடுகிறார். மற்றவர்கள் சண்டையை மட்டும் எழுதுகிறார்கள். அடுத்த முறை அப்படி ஒரு கதையை வாசிக்கும்போது இதை மனதில் வைத்துப் பாருங்கள்.

புறக்கோட்டைப் பக்கம் போனால் பழைய நகர மண்டபத்தின் மேல்மாடிக்கும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். யன்னலருகே சற்று நேரம் நின்று வெளிச்சத்தத்தையும் கேளுங்கள்.