சிதம்பரம் எரிந்தது, காஞ்சிபுரம் மோதியது, காவேரி தரைதட்டியது: தெரியுமா?

நாகூர் சில்லடிக் கடற்கரையில் நின்று அலையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடலில் கப்பலுக்கு நேரும் விபத்துகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு, தெரியுமா? உதாரணம் தேடி தூரதேசம் போக வேண்டாம். நம் மண்ணின் பெயர் தாங்கிய கப்பல்களே சொல்லும்!

நீர் புகுதல்: நடுக்கடலில் ஓட்டை விழுந்து ஒரு கப்பல் தத்தளித்ததாம். அப்போது முடி மழித்துக்கொண்டிருந்த நாகூர் தர்காவின் ஞானி ஷாகுல் ஹமீது ஆண்டவர் கையிலிருந்த கண்ணாடியை வீச, அது போய் ஓட்டையை அடைத்ததாம்! நாகூர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் அற்புதம் இது. நீர் புகுந்தால் முதல் வேலை அடைப்பதுதான். அதற்கென்றே மர ஆப்புகளோடு போகும் கப்பல்கள் இன்றும் உண்டு!

தீ: நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூரையும் இணைத்த 'சிதம்பரம்' கப்பலை மூத்தவர்கள் மறக்கவில்லை. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும் வழியில் தீப்பிடித்தது. பயணிகள் பலர் மாண்டார்கள். அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்தே அதோடு நின்றுபோனது!

மோதல்: கப்பலோடு கப்பல் இடித்தால் மட்டுமே இந்தப் பெயர். 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் அருகே 'டான் காஞ்சிபுரம்', 'பி.டபிள்யூ. மேப்பிள்' இரண்டும் மோதின. கொட்டிய எண்ணெயை மக்கள் வாளியில் அள்ளினார்கள்!

முட்டல்: அசையாத பொருளில் இடித்தால் பெயரே மாறிவிடும்! 2013 ஜனவரியில் கடற்படை மிதவைக் கலம் ஒன்று பாம்பன் ரயில் பாலத்தில் இடித்தது இந்த வகை.

தரைதட்டல்: 2012 அக்டோபர் 31, நீலம் புயல். 'பிரதீபா காவேரி' எண்ணெய்க் கப்பல் சென்னைக் கரையோரம் தரைதட்டியது. கப்பல் மூழ்கவில்லை. ஆனால் அதைவிட்டுத் தப்பிக்க மாலுமிகள் ஏறிய உயிர்காப்புப் படகு கவிழ்ந்தது, சிலர் உயிரிழந்தார்கள். ஒரே நாளில், ஒரே கப்பலின் கதையில், தரைதட்டலும் கவிழ்தலும்!

எது 'மிகக் கடுமையான' விபத்து? சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதி இது: கப்பல் முழுதும் அழிந்தாலோ, சுற்றுச்சூழல் பெரிதும் கெட்டாலோ, ஓர் உயிர் போனாலோ அப்படித்தான். ஆம், ஒரே ஓர் உயிர் போதும்!

இத்தனை பெயர் எதற்கு? தீக்கு ஒரு ஒத்திகை, ஓட்டைக்கு வேறொன்று, கப்பலைக் கைவிடுவதற்கு இன்னொன்று. போன கப்பலுக்கு என்ன ஆனது என்று சரியாகப் பெயர் வைத்தால்தான், அடுத்த கப்பலுக்கு எதைக் கற்றுத்தர வேண்டும் என்று தெரியும்.

இன்னொன்று தெரியுமா? கடல் கடந்த நம்மவர்கள் ஷாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாக 1828 முதல் 1830 வரை சிங்கப்பூரிலும் ஒரு நாகூர் தர்கா கட்டினார்கள். அலைகடலைத் தாண்டிப் பத்திரமாகக் கரையேறியவர்களின் நன்றி அது. அந்த நன்றி சொல்ல ஒவ்வொரு மாலுமியும் ஊர் திரும்ப வேண்டும்!