கருணாமூர்த்தி: களத்துமேட்டில் பார்த்த இயேசு படம்

பீம்சிங் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும். மூன்றுமே 1961. அதே பீம்சிங் கடைசியாகத் தொட்ட வேலைகளில் ஒன்று இயேசுவின் வாழ்க்கைப் படம் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. இத்தனைக்கும் அந்தப் படத்தைப் பத்து வயசிலேயே பார்த்துவிட்டேன். டைட்டிலில் இயக்குநர் பெயரைத் தேடுகிற வயசில்லை அது.

தெலுங்கில் 'கருணாமயுடு'. தமிழ் டப்பிங்கில் 'கருணாமூர்த்தி', இந்தியில் 'தயா சாகர்'. இயேசுவாக நடித்தவர் விஜயசந்தர். தயாரிப்புச் சுமையிலும் பெரும்பங்கு அவர் தலையில்தான். பெரிய கம்பெனிப் படம் இல்லை. பணம் கிடைக்கும்போது எடுப்பது, தீர்ந்ததும் நிறுத்துவது என்று பல வருஷம் இழுத்தது. 1978 ஜனவரியில் பீம்சிங் காலமாகிவிட்டார். படம் அந்த வருஷ டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் வெளிவந்தது.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்குக் கிழக்கே. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம் இல்லை. ஆனால் தவக்காலத்தில் பக்கத்து ஊர்க் கோயிலில் படம் போடுகிறார்கள் என்றால் எல்லா ஜனமும் போகும். சம்பா அறுப்பு முடிந்தாலும் வயல் காலியாக இருக்காது, உளுந்து நிற்கும். அதனால் களத்துமேட்டில்தான் திரை. ரெண்டு மூங்கில், நடுவே வெள்ளைத் துணி, ஒரே ஒரு 16 எம்எம் புரொஜெக்டர், தூரத்தில் ஜெனரேட்டர். ஒரு ரீல் முடிந்து அடுத்த ரீல் மாட்டும் வரைக்கும் வேர்க்கடலை வியாபாரம். இடமில்லாதவர்கள் திரைக்குப் பின்னால் உட்காருவார்கள். அங்கேயும் படம் தெரியும், இடம் வலம் மாறி.

நான் அப்பாயியோடு போனேன். படம் முடிந்து வரப்பில் நடந்து வரும்போது அப்பாயி சொன்ன விமர்சனம் இது: "எல்லாம் நல்லாத்தான்டா இருந்துச்சு. ஆனா அந்த ஆளுக்கு சிவாஜி மாதிரி அழத் தெரியல."

அப்போது சிரித்தேன். சில வருஷம் முன்னால் இணையத்தில் ஒரு நிறம் போன பிரதி கிடைத்து மறுபடி பார்த்தபோதுதான், இந்தப் படத்தின் பலம், பலவீனம் ரெண்டையும் அப்பாயி ஒரே வரியில் பிடித்துவிட்டார் என்று தெரிந்தது.

முதலில் கண்ணை உறுத்துகிற குறைகள். தாடி எல்லாம் ஒட்டுத்தாடி என்று தெரிகிறது. ரோமானியச் சிப்பாய்கள் நாடக கம்பெனி வாடகை உடையில் வந்த மாதிரி இருக்கிறார்கள். அரண்மனையைப் பார்த்தால் இதே இடத்தில் போன வாரம் இரணியன் உட்கார்ந்திருப்பானோ என்று தோன்றும். எழுபதுகளின் வியாதியான ஜூம் லென்ஸ் எல்லா இடத்திலும். தமிழ்ப் பிரதியில் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். இதெல்லாம் காசில்லாத குறை. இதை வைத்து ஒரு படத்தை நிராகரிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. களத்துமேட்டில் யாரும் இதைக் கவனிக்கவும் இல்லை.

ஏன் கவனிக்கவில்லை என்பதுதான் சுவாரசியமான விஷயம். பீம்சிங் குழு எடுத்தது பைபிள் படம் இல்லை, புராணப் படம். ஏ.பி. நாகராஜன் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த மொழி அத்துப்படி. இயேசு தோன்றும்போது கேமரா அவர் முகத்தை, முக்கியமாகக் கண்ணை, நேருக்கு நேராகக் காட்டும். பிறகு பார்க்கிறவர்களின் முகம். மறுபடி அவர் கண். சன்னிதியில் திரை விலகித் தீபாராதனை காட்டும் அதே தாளம். இந்தப் படத்தை ஆராய்ந்த டுவைட் ஃப்ரீசன் இதைத் 'தரிசனம்' என்ற கருத்தோடு சேர்த்துத்தான் விளக்குகிறார். அப்பாயிக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை. முதல் குளோசப்பிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

இதே களத்தில் வேறொரு வருஷம் அமெரிக்காக்காரர்களின் 'இயேசு' (1979) படமும் போட்டார்கள். அதன் பட்ஜெட் கிட்டத்தட்ட 60 லட்சம் டாலர். இஸ்ரேலிலேயே போய் எடுத்தது, லூக்கா நற்செய்தியை ஒட்டியே வசனம், ரெண்டாயிரத்துக்கு மேற்பட்ட மொழிகளில் டப்பிங் ஆன படம். உடை, மண், முகம் எல்லாம் சரியாக இருந்தது. ஜனம் பாதியில் எழுந்துபோனது. பாட்டு இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் படம் நடந்ததைத் தெரிவிக்கிறது. கருணாமூர்த்தி உங்களை அந்த இடத்தில் நிறுத்துகிறது. சிலுவை சுமந்து போகும் காட்சியில் முழுப் பாட்டு வரும். தெலுங்கில் எஸ்.பி.பி. பாடிய அந்தப் பாட்டு ஆந்திராவில் இன்றைக்கும் புனித வெள்ளிக்கு ஒலிக்கிறது. ஊர்வலம், தெருவோரம் அழுகிற பெண்கள், பின்னால் பாட்டு. தேர் பார்த்து வளர்ந்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையா?

இந்த உத்தி நம் ஊருக்குப் புதுசும் இல்லை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1800ஐ ஒட்டிப் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியபோது செய்தது இதேதான். தலைவி, தலைவன் உலா, குறி சொல்லும் குறத்தி என்று சனங்களுக்குப் பழக்கமான வடிவத்துக்குள் கிறிஸ்துவைக் கொண்டுவந்தார். ஏன், தென்னிந்திய சினிமாவே இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு இயேசு படத்தோடுதான் நடக்க ஆரம்பித்தது. திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கினார். அதில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். அப்படிப் பார்த்தால் எங்கள் களத்துமேட்டுத் திரை அவருடைய கூடாரத்துக்குப் பேரன் முறை.

சரி, உண்மையான பலவீனத்துக்கு வருகிறேன். அது பட்ஜெட்டில் இல்லை.

இந்தப் படம் முடங்கியும் நகர்ந்தும் கொண்டிருந்த வருஷங்களில்தான் பீம்சிங் ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1977), 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' (1978) ரெண்டையும் எடுத்தார். அவையும் சிக்கனமான படங்கள்தான். கங்காவாக லட்சுமி ஒரு அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குள் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். அந்த நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது. அதற்கு செட் செலவு என்ன ஆகியிருக்கும்? ஒரு ஆள் தனக்குள் போராடுவதைக் காட்ட பீம்சிங்குக்குத் தெரியாமல் இல்லை. காசும் ஒரு தடையில்லை. ஆனால் கருணாமூர்த்தியின் இயேசுவுக்கு அந்த உள்பக்கம் கிடையாது. விஜயசந்தர் முகம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே சாந்தம். மெதுவான நடை, மெதுவான பேச்சு, பாதி மூடிய கண். தரிசனம் தருகிற முகத்துக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நற்செய்தியில் அப்படி இல்லை. லாசருவின் கல்லறை முன்னால் இயேசு அழுகிறார். கெத்சமனேயில் இந்தக் கிண்ணம் என்னைவிட்டுப் போகாதா என்று தவிக்கிறார். சிலுவையில் ஏன் கைவிட்டீர் என்று கத்துகிறார். சாமியாக மட்டும் பார்த்தால் இந்த இடங்கள் இடைஞ்சல். மனுஷனாகவும் பார்த்தால் கதையே இங்கேதான் இருக்கிறது. அப்பாயி கேட்ட அழுகை இது. கும்பிட்டதும் அவர்தான், குறை சொன்னதும் அவர்தான். பாசமலரில் அண்ணன் தங்கையை அழவைத்தே ஊரைக் கரைத்த இயக்குநர், அழுகை மூலக்கதையிலேயே இருக்கும் ஒரு படத்தில் கதாநாயகனை அழவிடவில்லை. சுற்றி இருப்பவர்களைத்தான் அழவைத்தார்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லணும். அந்தச் சாந்தம் இல்லையென்றால் படம் இத்தனை ஊர் போயிருக்காது. ஜான் கில்மன் என்ற அமெரிக்கர் தன் டேஸ்பிரிங் அமைப்பு மூலம் இந்திப் பிரதியையும் மற்ற மொழிப் பிரதிகளையும் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். விஜயசந்தரும் பிறகு சாயிபாபா, வேமனா என்று மகான் வேஷங்களாகவே நடித்தார். ஆந்திராவில் அவர் முகமே இயேசு படமாக வீட்டுச் சுவரில் தொங்கியது. அழுது தவிக்கிற ஒரு இயேசுவைச் சுவரில் மாட்டியிருப்பார்களா?

இத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள், இத்தனை லட்சம் பேர் மனம் மாறினார்கள் என்று மிஷன் அமைப்புகள் சொல்லும் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருட்டில் களத்துமேட்டில் தலை எண்ணியது யார்? எங்கள் அப்பாயி கும்பிட்டார், வீட்டுக்கு வந்து வழக்கம்போல மாரியம்மனுக்கு விளக்கேற்றினார். அவர் எந்தக் கணக்கில் வருவார்?

இப்போது பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: இணையத்தில் உள்ள பிரதிகளில் ஈஸ்ட்மன் கலர் மங்கி எல்லாமே ஒரு ரோஸ் நிறத்தில் இருக்கும். முதல் அரைமணி பொறுமையைச் சோதிக்கும். தெலுங்குப் பிரதியைப் பாருங்கள், தமிழைவிட ஒலி நன்றாக இருக்கிறது. சிலுவைப் பாட்டு வரும்போது இயேசு முகத்தை விட்டுவிட்டு, தெருவோரம் நிற்கும் துணை நடிகைகளின் முகத்தைப் பாருங்கள். பாசமலர் எடுத்த ஆள் அங்கேதான் இருக்கிறார்.