வாயில்லா ஜீவனின் முறையீடு

மதீனாவில் அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்திற்குள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் நுழைந்தார்கள். அங்கே நின்றிருந்த ஒட்டகம் ஒன்று அவர்களைக் கண்டதும் முனகியது. அதன் கண்களிலிருந்து நீர் வழிந்தது. பெருமானார் அவர்கள் அதன் அருகே சென்று, காதுகளின் பின்புறத்தை அன்புடன் தடவிக் கொடுத்தார்கள். ஒட்டகம் அமைதி அடைந்தது. பிறகு, இதன் சொந்தக்காரர் யார் என வினவினார்கள். அன்ஸாரி இளைஞர் ஒருவர் முன்வந்தார். அல்லாஹ் அவர் வசம் ஒப்படைத்த இப்பிராணியின் விஷயத்தில் அவனை அஞ்ச வேண்டாமா என்று நாயகம் அவர்கள் கேட்டார்கள். அவர் அதைப் பட்டினி போடுவதையும் ஓயாமல் வேலை வாங்குவதையும் அது தம்மிடம் முறையிட்டதாகக் கூறிக் கண்டித்தார்கள். ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது.

வாசகர்களே! இந்நிகழ்ச்சியைச் சற்று ஊன்றி நோக்குங்கள். அந்த இளைஞர் ஒட்டகத்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அதன் முதுகில் சுமை ஏற்றியவர் அவர். அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடந்தவர் அவர். ஆயினும் அதன் துயரம் அவர் கண்ணில் படவில்லை. தம் பொறுப்பில் உள்ள ஜீவனைப் பார்த்தும் பாராதிருப்பதும் ஒரு குற்றம் என்பதை இச்செய்தி நமக்கு உணர்த்துகிறது அன்றோ?

வீட்டில் சுற்றித் திரிவோர்

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இன்று ஒட்டகம் இல்லை, பூனை உண்டு. முஸ்லிம் இல்லங்களில் பூனைக்குத் தனியோர் இடம் இருப்பதற்குக் காரணமும் உண்டு. ஹஜ்ரத் அபூகத்தாதா (ரலி) அவர்களுக்கு ஒளுச் செய்ய மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றி வைத்தார். பூனை ஒன்று வந்தது. அது குடிப்பதற்கு வசதியாக அவர்கள் பாத்திரத்தையே சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் வியப்புடன் நோக்கினார். பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருவோரில் ஒன்று எனும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை அப்போது அவர்கள் எடுத்துரைத்தார்கள். திருக்குர்ஆனில் ஸூரத்துந் நூரின் 58ஆம் வசனம் வீட்டுப் பணியாளரையும் சிறுவரையும் பற்றிப் பேசுமிடத்தில் இதே சொல்லைத்தான் ஆள்கிறது. பூனையை வீட்டு மனிதர்களின் வரிசையிலேயே வைத்துப் பேசிய மார்க்கம் இது!

பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ள புழு பூச்சிகளைத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண், அதன் காரணமாக நரக வேதனைக்கு ஆளான செய்தியையும் நாம் அறிவோம். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் அது. அவள் அந்தப் பூனையை அடித்ததாக அதில் சொல்லப்படவில்லை. அடைத்தாள்; அதன் தேவையை மறந்தாள்; அவ்வளவே.

என் வீட்டில் நிகழ்ந்தது

இந்த ஹதீஸைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். அப்படியிருந்தும் நான் செய்த தவறு ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு கடுவன் பூனை வளர்ந்து வந்தது. மூத்த மகளின் நிக்காஹ் நடந்த வாரம் அது. வாசலில் பந்தல், கொல்லையில் தேக்சாக்கள், அறைதோறும் விருந்தினர். பூனை வழக்கமாகப் படுக்கும் மூலையில் வாடகைப் பாய்களை அடுக்கிவிட்டோம். ஒருநாள் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தபோது தொழுகைப்பாயில் அது சிறுநீர் கழித்திருந்தது. மறுநாளும் அவ்வாறே. எனக்குக் கோபம் மூண்டது. அதைத் தூக்கிக் கொல்லைப்புற அறையில் போட்டுக் கதவைச் சாத்தினேன். மண் நிரப்பிய தட்டும், மீனும், தண்ணீரும் வைத்தேன். உணவு வைத்துவிட்டதால் ஹதீஸின் எச்சரிக்கை என்னைத் தொடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் இளைய மகள் வந்து, "அத்தா, அது மீனைத் தொடவே இல்லை. மண் தட்டில் ஏறி ஏறி முக்குகிறது, ஒரு சொட்டுகூட வரவில்லை" என்றாள். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். சிறுநீர்ப் பாதை அடைபட்டிருந்தது. மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார். தாமதித்திருந்தால் உயிர் போயிருக்கும் என்றும், வீட்டில் ஏற்படும் திடீர் மாற்றங்களால் உண்டாகும் மனக்கலக்கம் பூனையின் சிறுநீர்ப்பையை இவ்வாறு பாதிப்பது உண்டு என்றும் விளக்கினார்.

நான் வாயடைத்து நின்றேன். என் தொழுகைப்பாயில் அது காட்டியது குறும்பன்று. அது ஒரு முறையீடு. அதைப் புரிந்துகொள்ளாமல் முறையிட்டவனையே சிறையில் அடைத்தவன் நான்! அல்லாஹ்வின் கிருபையால் பூனை பிழைத்தது. ஆனால் ஒரு மாத காலம் என் காலடி ஓசை கேட்டாலே ஓடி ஒளிந்தது.

துயரத்தின் அடையாளங்கள்

ஒட்டகம் கண்ணீர் விட்டது. பூனை தன் துயரத்தைக் கண்ணீரால் காட்டுவதில்லை. நோவை மறைப்பது அதன் இயல்பு. எனவே அதன் உடலையும் பழக்கத்தையும் கவனித்தே நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

காதுகள் பக்கவாட்டில் மடங்கித் தலையோடு ஒட்டியிருந்தால் அது அஞ்சுகிறது. நல்ல வெளிச்சத்திலும் கண்ணின் கருமணி அகன்றே இருந்தால் அதுவும் அச்சத்தின் அறிகுறியாகலாம். கால்களையும் வாலையும் உடலோடு இறுக்கிக்கொண்டு பதுங்கிக் கிடப்பது நிம்மதியான ஓய்வன்று. வாலை வீசி வீசி அடிப்பது நாய்க்கு மகிழ்ச்சியாக இருக்கலாம். பூனைக்கு அது எரிச்சல்.

கட்டிலின் அடியிலோ பரணிலோ நாள் முழுவதும் ஒளிந்திருத்தல், உணவை வெறுத்தல், வயிற்றிலும் தொடையிலும் முடி உதிருமளவுக்கு ஓயாமல் நக்கிக்கொள்ளுதல், அல்லது தன்னைச் சுத்தம் செய்வதையே விட்டுவிடுதல், வழக்கமான இடத்தை விட்டு வேறிடத்தில் சிறுநீர் கழித்தல், தடவ வந்த கையைத் திடீரெனச் சீறிப் பிறாண்டுதல், இரவில் காரணமின்றிக் கத்துதல் ஆகிய யாவும் கவனிக்கத்தக்கவை. குர்குர் என ஒலி எழுப்பினால் அது மகிழ்வாகவே இருக்கிறது என்றும் முடிவு கட்ட வேண்டாம். நோவில் இருக்கும் பூனையும் அவ்வாறு ஒலிப்பது உண்டு. "எங்கள் பூனை பரம சாது, இருக்குமிடமே தெரியாது" என்று பெருமைப்படுவோர், அது அமைதியாக இருக்கிறதா, அஞ்சி ஒடுங்கியிருக்கிறதா என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பூனைக்குத் தான் பழகிய இடமே பெரும் பாதுகாப்பு. வீடு மாற்றம், புதிய பூனையின் வருகை, விருந்தினர் கூட்டம், வெடிச்சத்தம், ஒலிபெருக்கி ஆகியவை அதைக் கலங்கச் செய்யும். மனிதச் செவி வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும்; பூனையின் செவியோ 60,000க்கும் மேற்பட்ட அதிர்வுகளைக் கேட்க வல்லது. நமக்கு எட்டாத இரைச்சலும் அதன் காதில் விழுகிறது.

நாம் செய்ய வேண்டியது

ஒளிந்த பூனையை இழுத்து வெளியே போடாதீர்கள். ஒளிவதற்கு அதற்கு ஓர் இடம் கொடுங்கள். ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார், பூனைக் காப்பகத்திற்குப் புதிதாக வந்த 19 பூனைகளைக் கவனித்து 2014ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நுழைந்து ஒளிய ஒரு பெட்டி கிடைத்த பூனைகள், கிடைக்காதவற்றை விட விரைவில் கலக்கம் நீங்கின. ஓர் அட்டைப்பெட்டி நம் வீட்டில் அகப்படாத பொருளா?

உணவை நேரந்தவறாமல் வையுங்கள். மண் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்து, உணவிலிருந்து தள்ளி வையுங்கள். பல பூனைகள் இருந்தால் அவற்றின் எண்ணிக்கையை விட ஒரு தட்டு கூடுதலாக இருக்கட்டும். வாலைப் பிடித்து இழுக்கும் சிறுவரைக் கண்டிப்பதோடு நிற்காமல், பூனையிடம் பழகும் முறையையும் கற்றுக் கொடுங்கள். முறைத்துப் பார்ப்பதைத் தவிர்த்து, கண்களை மெல்ல மூடித் திறந்து காட்டினால் பூனை நம்மிடம் நெருங்கி வருவதாக 2020இல் இங்கிலாந்தின் ஸஸெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு தெரிவித்தது.

பூனையின் சிறுநீர் நஜீஸ். பட்ட இடத்தைக் கழுவித் தூய்மைப்படுத்த வேண்டும். அதில் ஐயமில்லை. ஆனால் அதற்காகப் பூனையை அடிப்பது அச்சத்தை வளர்க்குமேயன்றி வேறெதற்கும் உதவாது. கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது, மருத்துவரிடம் விரையுங்கள். ஒரு நாள் முழுவதும் உண்ணாதிருந்தாலும் காட்டிவிடுவதே முறை. வலி போக்க நாம் விழுங்கும் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். பாரஸிட்டமால் பூனையின் உயிரைப் போக்கும் நஞ்சாகும்.

ஒரு பிரயாணத்தில் தோழர்கள் சிலர் சிறு பறவையொன்றின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அங்கு வந்த அருமை நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டதும், இதன் குஞ்சுகளை எடுத்து இதைத் துயரப்படுத்தியவர் யார் எனக் கேட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். சிறகடிப்பில் ஒரு தாயின் துயரத்தைக் கண்ட கண்கள் அவை!

அந்தப் பார்வையில் ஒரு துளியேனும் நமக்கு வேண்டும். இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், சாப்பிட அமருமுன் குனிந்து ஒருமுறை பாருங்கள். உங்கள் காலைச் சுற்றி வரும் அந்த ஜீவன் இன்று வந்திருக்கிறதா? வரவில்லையெனில் எங்கே இருக்கிறது, ஏன் வரவில்லை? நாளை நம்மிடம் கேட்கப்படவிருக்கும் அமானிதங்களில் அதுவும் ஒன்றன்றோ!