கீழே பார்த்தபடி பறக்கும் பருந்து

வெள்ளவத்தை வாய்க்கால் கடலோடு சேரும் இடத்தில் செம்பருந்து வட்டமிடும்போது அதன் தலையைக் கவனியுங்கள். சிறகு அசையாமல் காற்றில் கிடக்கும். வெள்ளைத் தலை மட்டும் குனிந்து, இடமும் வலமுமாகத் தண்ணீரைத் துழாவும். மிதக்கும் சிறு மீன்கூட அந்தக் கண்ணுக்குத் தப்பாது. இத்தனை கூர்மையான பார்வையுள்ள இனங்கள், பனையைவிடப் பல மடங்கு உயரமாக நிற்கும் காற்றாலையின் இறக்கையில் அடிபட்டுச் சாவது எப்படி?

விடை அந்தக் குனிந்த தலையில் இருக்கிறது. பாறு கழுகுகளின் பார்வைப் பரப்பை பிரித்தானிய ஆய்வாளர் கிரஹாம் மார்ட்டினும் குழுவினரும் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். வெயில் கூசாமல் காக்கும் புருவ எலும்பு, தலைக்கு மேலே பெரியதொரு பகுதியை மறைத்துவிடுகிறது. இரை தேடித் தலை குனிந்ததும், அந்தக் குருட்டுப் பகுதி பறக்கும் திசைக்கே வந்துவிடுகிறது. வெட்டவெளி வானில் எதிரே எதுவும் நிற்காத காலத்தில் உருவான கண் அது.

நிமிர்ந்து பார்த்தாலும் இன்னொரு சிக்கல். பெரிய காற்றாலையின் இறக்கை நுனி மணிக்கு 250 கிலோமீற்றருக்கும் மேல் சுழலும். பறவை நெருங்க நெருங்க அதன் பிம்பம் விழித்திரையில் வெறும் புகையாகக் கலைந்துபோகிறது. நோர்வேயின் ஸ்மோலா தீவில் வெண்வால் கடற்கழுகுகள் இப்படி இறந்துகொண்டிருந்தன. 2013இல் அங்கே நான்கு காற்றாலைகளில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசினார்கள். அவற்றில் பறவை இறப்பு 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நான்கு காற்றாலைகளை வைத்து உலகுக்கே முடிவு சொல்லமுடியாது. ஆனாலும் மற்ற இடங்களிலும் செய்துபார்க்க வேண்டிய சோதனை இது.

பருந்து குறைந்தால் என்ன ஆகும்? மகாராஷ்டிராவின் சால்கேவாடி மேட்டுநிலத்தில் மரியா தாக்கரும் சகாக்களும் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. காற்றாலைகள் உள்ள பகுதியில் வேட்டைப்பறவைகள் ஏறத்தாழ நான்கு மடங்கு குறைவு. அதனால் ஓணான்கள் பெருகின. பெருகிய ஓணான்கள் மெலிந்திருந்தன. மனிதர் நெருங்கினாலும் சீக்கிரம் ஓடவில்லை. வானத்தில் வைத்த இயந்திரம் தரையில் ஊரும் பிராணியின் பயத்தையே மாற்றிவிட்டது! பறவைகளின் பக்கமிருந்து பார்த்தாலும், இரண்டு முட்டையிட்டு, பெரும்பாலும் ஒரு குஞ்சை மட்டும் கரைசேர்க்கும் கடற்கழுகு போன்ற பறவைக்கு, ஒவ்வொரு சாவும் ஆண்டுக்கணக்கில் ஈடுசெய்ய முடியாத இழப்பு.

நமக்கு இது மன்னார் விடயம். தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதே மன்னார்தான் மத்திய ஆசிய வலசைப் பாதையில் இந்தியாவைத் தாண்டி வரும் பறவைகளின் நுழைவாயில். பக்கத்து வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம். மன்னாரில் அதானி நிறுவனத்தின் அடுத்த காற்றாலைத் திட்டத்துக்கு எதிராகச் சூழல் அமைப்புகள் 2024இல் உயர் நீதிமன்றம் போயின. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. காற்று மின்சாரம் நமக்கு வேண்டும், நுரைச்சோலையின் நிலக்கரிப் புகையைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் எங்கே நடுவது என்பதைப் பறவையின் பாதையைப் பார்த்த பிறகே தீர்மானிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நட்டுவிட்ட இடத்திலும் வழி உண்டு. ஸ்பெயினின் காடிஸ் மாகாணத்தில் கண்காணிப்பாளர்கள் பாறு கழுகு நெருங்குவதைக் கண்டதும் அந்தக் காற்றாலையை மட்டும் நிறுத்தச் சொன்னார்கள். கழுகு இறப்பு பாதியானது. ஆண்டு உற்பத்தியில் இழந்தது 0.07 சதவீதம். மன்னாரில் வலசைப் பறவைகள் அதிகம் தங்குவது ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான். எந்தப் பறவை எந்த நேரம் எந்தப் பக்கமாகப் போகும் என்று பேசாலைக் கடற்றொழிலாளர்களுக்குத் தெரியும். அவர்களில் சிலரைப் பயிற்றுவித்து, அந்த மாதங்களில் சம்பளத்தோடு இந்த வேலையில் அமர்த்தலாம்.